சத்து மாத்திரை தந்த சுப்பாராவ்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். காமராஜர், அன்னை தெரசா, வேலு நாச்சியார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எல்லாரையும் மற்ற குழுக்காரங்க முதல்லயே எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்திருப்பது டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரா பக்கம் இவர் பெயர் நல்லாத் தெரியும். நம்ம பக்கம் பெயர் தெரியாது, ஆனால் இவர் கொடுத்ததைச் சாப்பிடாத பெண் நம்ம குழுக்களில் ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க. மாசமா இருக்கும்போது நர்சம்மா கையில் கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்புச்சத்து 60 மில்லிகிராம், அதோடு ஃபோலிக் அமிலம் அரை மில்லிகிராம். அந்த ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து, உலகத்துக்கே மாத்திரையாகக் கிடைக்க வைத்தவர் இவர்தான்.

1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது நம்ம சென்னை மாகாணத்தில் இருந்த ஊர். அப்பா ஜகந்நாதம், அம்மா வெங்கம்மா. அப்பா அரசாங்க வேலையில் இருந்தவர், உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டார். வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் இல்லை. பையனுக்குப் படிப்பில் மனசு போகவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. வழியிலேயே பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அப்பா இறந்த பிறகு அம்மா தன்னிடம் இருந்த நகையை விற்றுப் படிக்க அனுப்பினார். அப்போது குழு கிடையாது, உள்கடன் கிடையாது, நகை ஒன்றுதான் பெண்ணுக்கு வங்கி. பையன் இரண்டு தடவை மெட்ரிகுலேஷனில் தேறவில்லை. மூன்றாவது தடவை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் ஆனார். பத்தாவதில் ஒரு தடவை போனதுமே பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். அந்த நாளில் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் மனசு ஒட்டிக்கொண்டது, சாமியாராகப் போகிறேன் என்று நின்றார். மடத்தில் அம்மாவின் சம்மதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெங்கம்மா சம்மதிக்கவில்லை. அப்படியானால் டாக்டராகி மக்களுக்குச் சேவை செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காசுக்கு நண்பர்களும், பிறகு மாமனார் ஆனவரும் உதவினார்கள்.

படிக்கும்போது காந்தி சொன்னதைக் கேட்டு, ஆபரேஷன் அறையிலும் கதர் உடைதான் போட்டுக்கொண்டார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அதை வைத்து அரசாங்க மருத்துவ வேலைக்கு முயற்சி செய்தார், கிடைக்கவில்லை.

இவர் வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் வீட்டில் நடந்தது. அண்ணன் ஒருவரும் தம்பி ஒருவரும் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்ப்ரூ என்ற நோய். நம்ம ஊரில் கிராணி என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது, பேதியாகிக்கொண்டே இருக்கும், நாக்கு புண்ணாகும், ரத்தம் வற்றி ஆள் எலும்பாகிவிடுவார். அதே நோய் பிறகு இவருக்கும் வந்தது. இங்கிலீஷ் மருந்தில் அதற்கு அப்போது வழி இல்லை. காப்பாற்றியது டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்து. இந்த லட்சுமிபதியின் மனைவிதான் ருக்மிணி லட்சுமிபதி. உப்பு சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போய், 1946-இல் சென்னை மாகாணத்துக்கே சுகாதார அமைச்சராக இருந்த பெண். எழும்பூரில் அவங்க பெயரில் ரோடு இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவங்க பெயர்ப் பலகையைப் பாருங்க.

பிழைத்து எழுந்த சுப்பாராவ் அந்த லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு பாடம் நடத்தினார். அண்ணன் தம்பியைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு அமெரிக்கா போய்ப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். காக்கிநாடாவில் இருந்த ஒரு தர்ம ஸ்தாபனமும் மாமனாரும் பணம் கொடுக்க, 1920-களின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார். மனைவி சேஷகிரி அப்போது சின்ன வயது, கர்ப்பமாக இருந்தார். கொஞ்ச வருஷத்தில் வந்துவிடுவேன் என்று போன மனிதர் திரும்பி வரவே இல்லை. ஆண் குழந்தை பிறந்தது, ஒரு வயது ஆவதற்குள் இறந்தது, அப்பா முகம் பார்க்காமலே. சேஷகிரியும் கணவரை மறுபடி பார்க்கவில்லை. புத்தகங்களில் இந்த விஷயத்தை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிப் போக மனசு வரவில்லை. உலகத்துக்கு நல்லது செய்த கணக்கில் இந்த அம்மாவின் காத்திருப்பையும் ஒரு பங்காக எழுதணும்.

பாஸ்டன் நகரத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம். இந்திய எல்.எம்.எஸ். படிப்பை வைத்து அங்கே டாக்டர் வேலை கிடையாது. ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மூத்திரச் சட்டி கழுவி, அந்தக் கூலியில் பகலில் படித்தார். சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் மூத்திரத்திலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1925-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அந்தச் சோதனைக்கு இரண்டு பேர் பெயரும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நம்ம தசை எதை வைத்து வேலை செய்கிறது என்று தேடினார்கள். 1927-இல் பாஸ்போகிரியாட்டின், 1929-இல் ஏ.டி.பி. என்ற இரண்டு பொருள்கள் கிடைத்தன. பயிற்சிக்கு வந்த டாக்டரம்மா இதை விளக்கும்போது எனக்குக் குழுக் கணக்குதான் ஞாபகம் வந்தது. ஏ.டி.பி. என்பது கையிருப்புப் பணம். தண்ணீர்க் குடம் தூக்குவது, நாற்று நடுவது, எதற்கும் உடம்பு அதைத்தான் செலவழிக்கும். பாஸ்போகிரியாட்டின் என்பது சேமிப்புக் கணக்கு. கையிருப்பு குறைந்ததும் அங்கிருந்து உடனே எடுத்துக்கொடுக்கும். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார், சீக்கிரமே அதற்குத் தலைவரும் ஆனார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போகணும். 1928-இல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். மில்லில் வேலை செய்கிற ஏழைப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது ரத்தசோகை வந்து செத்துப்போவதைப் பார்த்து, காரணம் தேடினார். நம்ம குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் வந்து வேலை செய்திருக்கிறார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறுகிறது என்று கண்டுபிடித்தார். அந்தச் சாறில் இருப்பது என்ன சத்து என்று அப்போது தெரியவில்லை. 1941-இல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலை மாதிரி ஒரு கீரையை அரைத்து அந்தச் சத்தைத் துளி அளவு பிரித்தார்கள். இலையில் கிடைத்ததால் லத்தீன் மொழியில் இலைக்கு உள்ள பெயரை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். டன் கணக்கில் கீரை அரைத்துத் துளி கிடைத்தால் யாருக்கு மருந்து கொடுப்பது? சுப்பாராவின் கூட்டம் ஈரலில் இருந்தும் நுண்ணுயிரில் இருந்தும் அதைப் பிரித்து, அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-இல் கீரையே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள். மஞ்சள் பொடி. சோகைக்குக் கேட்டது, அவருடைய அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கும் கேட்டது. அதைப் பார்க்கும்போது அந்த மனிதர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மலரில் நான் எழுதவே வந்தேன்.

அந்தக் காலத்தில் ஒரு பொல்லாத ரத்தசோகை இருந்தது. வயசானவர்களுக்கு அதிகம் வரும். ஃபோலிக் அமிலம் கொடுத்ததும் ரத்தம் கிடுகிடுவென ஏறியது, டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். 1946, 47-க்குள் வேறு செய்தி வந்தது. ரத்தம் நன்றாக இருக்கிற அதே ஆட்களுக்குக் கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, சிலருக்குப் புத்தி குழம்புகிறது. அவர்களுக்குக் குறைவாக இருந்தது வேறொரு சத்து, இன்றைக்கு நாம் பி12 என்று சொல்வது. இந்த இரண்டு சத்தும் இரட்டை மாட்டு வண்டி மாதிரி. ஒரு மாட்டுக்கு மட்டும் தீனி போட்டால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். ரத்தம் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது, நரம்புக்கும் மூளைக்கும் போகவில்லை. அதனால் ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் சரி என்று வந்தாலும், பி12 சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இது எங்க வீட்டிலேயே நடந்தது. எங்க ஊர் கேளம்பாக்கத்துக்குத் தெற்கே. எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 67 வயது. குழு ஆரம்பித்த காலத்தில் 14 பேர் சந்தாவையும் நோட்டு பார்க்காமல் வாயாலேயே சொல்லுவாங்க. இரண்டு வருஷமாக மறதி. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. என்னை என் நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாங்க. உள்ளங்கால் மதமதன்னு இருக்குது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது என்று சொன்னாங்க. வயசானா அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். முன்னாடி சோகைக்கு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டவங்க, ரத்தம் 11.8 இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் நிறைய கேள்வி கேட்டார். சுகருக்கு மெட்ஃபார்மின் எத்தனை வருஷமாகப் போடுறீங்க, அல்சருக்கு மாத்திரை உண்டா, முட்டை மீன் சாப்பிடுறாங்களா, பால் குடிக்கிறாங்களா என்று. மெட்ஃபார்மின் ஒன்பது வருஷமாகப் போடுறாங்க. பல் போன பிறகு கறி, மீன் விட்டாச்சு, கஞ்சியும் ரசஞ்சோறும்தான். குழுக் கடனில் வாங்கின மாட்டுப் பால் காலையிலும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் போகுது, அத்தைக்கு டீயில் கலந்ததுதான் பால். ரத்தத்தில் பி12 பார்க்க எழுதிக்கொடுத்தார். சோதனைக்குக் காசு அதிகம், உள்கடன் எடுத்துத்தான் கட்டினோம். ஒரு மில்லி ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று சொல்கிறார்கள். அத்தைக்கு 118.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. நாலாவது மாதம் கால் மரப்பு குறைந்தது. பெயர்கள் திரும்பி வந்தன, என்னை என் பெயர் சொல்லியே கூப்பிடுறாங்க. கணக்கு திரும்பி வரவில்லை. கேஸ் அடுப்பை இன்னும் தனியாக அவங்க கையில் விடுவதில்லை. இன்னும் ஒரு வருஷம் முன்னாடி தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஏன் வயசானவர்களுக்கு இது வருகிறது என்றால், பி12 செடி கொடியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் உண்டு. எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் கீரையில் ஃபோலேட் கிடைக்கும், பி12 கிடைக்காது. சாப்பிடுகிற பி12-ஐப் பிரித்து எடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும், வயசாக ஆக அது குறையும். அல்சர் மாத்திரையும் அதைக் குறைக்கும், மெட்ஃபார்மினும் பி12 உடம்பில் சேருவதைக் குறைக்கும். இந்தச் சத்துகள் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறுகிறது. அது அதிகமாக இருக்கிற முதியோருக்கு மறதி நோய் வருவதும் அதிகமாக இருக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சி ஒன்றில், லேசான மறதி இருந்த 70 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷம் ஃபோலிக் அமிலம், பி12, பி6 மூன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஹோமோசிஸ்டீன் அதிகமாக இருந்தவர்களுக்கு மூளை சுருங்குவது மெதுவானது. ஆனால் ரத்தத்தில் சத்து போதுமான அளவு இருக்கிறவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் ஞாபகசக்தி கூடியதாகத் தெரியவில்லை. எல்லா மறதிக்கும் வைட்டமின் காரணம் இல்லை, அல்சைமர் என்பது வேறு. அதனால் டிவி விளம்பரத்தைப் பார்த்து டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுப்பதை விட, ஒரு தடவை ரத்தத்தைப் பார்ப்பது காசுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. சோகை என்று சொல்லி வயசானவர்களுக்கு வெறும் ஃபோலிக் மாத்திரை மட்டும் கொடுக்கிறார்கள் என்றால், பி12 பார்த்தீர்களா என்று கேளுங்க. கேட்டால் டாக்டர் கோவிப்பாரோ என்று பயப்பட வேண்டாம்.

சுப்பாராவ் கதைக்கு வருகிறேன். ஃபோலிக் அமிலம் உடம்பில் புது அணுக்கள் உண்டாக வேண்டும் என்றால் தேவை. புற்றுநோய் அணுவும் அப்படித்தான் பெருகும். அப்படியானால் ஃபோலிக் அமிலம் மாதிரியே வேஷம் போட்ட ஒரு போலியைக் கொடுத்தால் அந்த அணு பட்டினி கிடக்கும் அல்லவா? அவருடைய ஆய்வுக்கூடத்தில் அந்தப் போலியைச் செய்தார்கள். 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை வாரக்கணக்கில் இறந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலர் கொஞ்ச காலத்துக்காவது எழுந்து விளையாடினார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்துதான் இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியை 1954-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், சுப்பாராவ் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் 1912-இல் படிப்பை முடித்தார், இவர் அதற்குச் சில வருஷம் கழித்துச் சேர்ந்தார். அத்தையைக் கூட்டிக்கொண்டு அடையாறு போகிற நாளில் மொட்டைத் தலையோடு தொப்பி போட்டுக்கொண்டு அம்மா இடுப்பில் உட்கார்ந்து வருகிற பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். பீமவரத்துப் பையன் காசிக்கு ஓடினது அப்போது நினைவு வரும்.

இன்னொன்றும் சொல்லாமல் விடக்கூடாது. முன்பு வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாக வந்து, கண் முன்னாலேயே முழுங்க வைத்தார்களே யானைக்கால் மாத்திரை, டி.இ.சி. என்று சொல்வார்கள். அதுவும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் 1947-இல் வந்ததுதான். ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் அவர் தலைவராக இருந்தபோது வந்தது. எதற்கும் தன் பெயரில் உரிமை கேட்கவில்லை, பேட்டி கொடுப்பதும் குறைவு. நோபல் பரிசு வரவில்லை.

1948 ஏப்ரலில் பி12 சத்தை முதன்முதலாகச் சிவப்புப் படிகமாகப் பிரித்துவிட்டதாக அமெரிக்காவில் இருந்து செய்தி வந்தது, அதே சமயம் இங்கிலாந்திலும் பிரித்திருந்தார்கள். ஃபோலிக் அமிலத்துக்கு ஜோடி மாடு கிடைத்துவிட்டது. அதற்கு நாலு மாதம் கழித்து, ஆகஸ்ட் மாதம், ஒரு ராத்திரி தூங்கப் போன சுப்பாராவ் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. 1995-இல் அவருடைய நூறாவது வருஷத்துக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

போன மாதக் கூட்டத்தில் எங்க குழுவில் ஒரு தீர்மானம் எழுதினோம். உறுப்பினர் வீடுகளில் 60 வயது தாண்டியவர்கள் யார், அவர்களில் சுகர் மாத்திரையோ அல்சர் மாத்திரையோ பல வருஷமாகப் போடுகிறவர்கள் யார், கால் மரப்பு, மறதி உள்ளவர்கள் யார் என்று பட்டியல் எடுப்பது. இதுவரை 11 பெயர் வந்திருக்கிறது. பி12 சோதனைக்கு என்று கேட்கிறவர்களுக்கு அந்த மாத உள்கடனில் முதல் இடம் கொடுக்கிறோம். மற்ற குழுக்கள் பட்டியல் எடுத்தால் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள், சேர்த்து வைத்து ஒரு மருத்துவ முகாம் கேட்கலாம் என்று தலைவி அக்கா சொல்லியிருக்காங்க.